திருகை மூடாத மகராசனுக்கு

கிளைவ்,

"நீதான் பாய்லர்ல எதையோ நோண்டியிருக்க, டோரீன்!" என்று காலையில் என்மேல் எரிந்து விழுந்துவிட்டு வேலைக்குப் போனாயே, கேள்.

பாய்லரின் அழுத்தமானி முள் ஏன் சிவப்பில் நின்றது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தண்ணீர் ஏற்றிய மகராசன், அடியில் இருக்கும் குழாய்த் திருகை மூடவே இல்லை. அன்றிலிருந்து உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. மிஞ்சியது வெளிச்சுவர்க் குழாய் வழியாகக் கொட்டி, பக்கத்து வீட்டு மேவிஸ் வாசலில் பனிக்கட்டியாகிவிட்டது.

திருகை நான் மூடிவிட்டேன். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, மாடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை வடித்தேன். முள் ஒன்றரை என்ற சரியான அளவுக்கு இறங்கிவிட்டது.

லீட்ஸுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ஓவனில் இருக்கிறது. சாப்பிடுவதற்கு முன்னால், பனிக்கட்டி உருக மேவிஸ் வாசலில் உப்பைத் தூவு. அப்புறம் போன் பண்ணி என்னிடம் மன்னிப்புக் கேள்.

டோரீன்

பி.கு: வடித்த கறுப்புத் தண்ணீரை உன் கால்பந்துக் கோப்பையில்தான் பிடித்தேன். கழுவவில்லை.