கூவற்பாடி வளவாயில் நட்ட இடம் பற்றிய ஓலை

கோல் நிமிர்க! குடி தழைக்க! அவைப்புலவர் பாடும் மாரி பாட்டோடு நில்லாது வயலிலும் பொழிக!

செம்பொறை நாட்டின் திலகமும் பகைவர்க்கு இடியேறுமாகிய பேரமைச்சர் தென்னவரையர் திருமுன், எஞ்சிய பட்டங்களுக்கு ஓலையில் இடமின்மையைப் பொறுத்தருளுமாறு வேண்டி, கீழ்க்கரை நாட்டதிகாரி ஏறன் கண்டன் நிலந்தோய வணங்கி விடுக்கும் செய்தியாவது:

கூவற்பாடி ஏரியின் மடை இடிந்தபின், பெய்த மழையெல்லாம் ஆற்றோடு போயிற்று. வயல் தரிசானது, தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வரும் மழைக்குள் மடைக்குக் கதவு பொருத்தாவிடில் மிச்சக் குடிகளும் வண்டியேறுவர் என்று கண்டன் பலமுறை எழுதினான். கதவு வரவில்லை. குடையும் சங்கும் சமையற்காரரும் புடைசூழ, குடிநலப் பெருங்குழு வந்தது.

அரசகுடை தெருவில் நுழைகையில் வாசல்தோறும் நிறைகுடம் இருக்க வேண்டும், வெறுங்குடம் காட்டுவது குற்றம் என்பது நம் நாட்டு வழக்கம். கூவற்பாடியார் வழக்கம் தவறாதவர். அடுத்த ஊர்க் கிணறுவரை நடந்து நீர் சுமந்து வந்தனர். தெரு மூளியாகத் தெரியக்கூடாதே என்று பூட்டிய வீட்டு வாசலிலும் குடம் வைத்து மாவிலை செருகினர். குழுத் தலைவர் பல்லக்குத் திரையை விலக்கிப் பார்த்து, இவ்வூரில் நீருக்குக் குறைவில்லை என்று அங்கேயே முடிவு செய்தருளினார். அது பிற ஊர் நீர் என்று கண்டன் ஓடிச்சென்று விண்ணப்பித்தான். அத்தனை தொலைவு சுமக்கும் வலு இருக்கையில் இவர்களை நலிந்தோர் என்பது எங்ஙனம் என்று தலைவர் கனிவோடு வினவினார். பின்னர் ஊராரின் விதைநெல்லைக் குத்தி ஆக்கிய சோற்றை உண்டு, சுவை நன்று எனப் பாராட்டிப் புறப்பட்டார்.

அதன் பயனாக, வளம் மீண்டதைக் கொண்டாடும் வளவாயில் ஒன்று வண்டிகளில் வந்து இறங்கியது. தேக்குத் தூண்கள், கனத்த பலகைகள், அவற்றில் மன்னர் திருநாமம். உழவர் குடித் தலைவி பூதி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கண்டனிடம் கேட்டாள்:

“மடைக்குக் கதவு கேட்டோம், ஊருக்கு வாசல் வந்திருக்கு. ஊரை விட்டுப் போறவங்க குனியாமப் போகட்டும்னு அனுப்பினாங்களாய்யா?”

நாட்டதிகாரிக்குரிய முகபாவம் கண்டனுக்கு அப்போது கைகூடவில்லை. வாயிலோடு வந்த ஓலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். வாயிலின் உயரம் இருந்தது, நிறம் இருந்தது, திறப்பு விழாவில் யார் எங்கே அமர்வது என்பதும் இருந்தது. எங்கே நடுவது என்பதை எழுத மட்டும் மறந்திருந்தனர்.

ஆகவே கண்டன் தன் பொறுப்பில் நட்டுவிட்டான். தூண்கள் மடை இடிந்த ஏரிக்கரை உடைப்பில் இறங்கின. பலகைகள் மடைக்குக் கதவாயின. மூட்டை கட்டியவர் மூட்டையை இன்னும் வண்டியிலிருந்து இறக்கவில்லை. ஆனால் மாட்டை அவிழ்த்துவிட்டனர். இது குற்றமெனில் தண்டம் கண்டனுக்கே, ஊருக்கன்று.

திறப்பு விழாவுக்குக் குழு எழுந்தருளுங்கால், வாசல்தோறும் வெறுங்குடமே வைக்க வேண்டுமென்று ஊருக்கு ஆணையிட்டிருக்கிறான். அபசகுனத்துக்கும் அவனே பொறுப்பு. இவ்வோலை கொணரும் ஆளுக்கு இங்கே சோறிட இயலவில்லை, அங்கே இட்டருள்க.

இது நாட்டு இலச்சினை ஒற்றி, கூவற்பாடிக் கரைமேலிருந்து விடுத்தது.

பின்குறிப்பு: மன்னர் திருநாமம் இப்போது கரையிலிருந்தே நன்றாகத் தெரிகிறது. மழை பெய்து ஏரி நிரம்பினால் நீருள் மூழ்கிவிடும். விரைவில் மூழ்க வேண்டுமென்று ஊரே வேண்டிக்கொள்கிறது, கண்டனும்.