சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் பலகை

என் கண்ணு மல்லிகா,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது நம் வீட்டில் இருந்தவர்கள்: நான், உன் புருஷன் செந்தில், கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலை முடிந்ததும் உன்னிடம் கராத்தே படிக்க ஓடிவருவார்களே, அந்த சபீனா, பிந்து. சொந்தக்காரர்கள் இலையை மடித்ததும் போய்விட்டார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை.

பிள்ளைகள் ஒரு பலகை கொண்டுவந்திருந்தார்கள். நீ சொல்லிக்கொடுத்த நெற்களத்துச் சுவரில் மாட்டவாம். 'சென்செய் மல்லிகா' என்று எழுதியிருந்தது. ஜப்பான்காரர்கள் வாத்தியாரை அப்படித்தானே கூப்பிடுவார்கள்?

செந்தில் அதைப் பிடுங்கினான். "அன்பு மனைவின்னு போட்டோவுக்குக் கீழ போட்டாச்சு. அது போதும்."

சபீனா விடவில்லை. "ஏனுங்கண்ணா, மதரசால ஓதிக்கொடுக்கறவர உஸ்தாதுங்கறோம். களரி சொல்லித்தர்றவர ஆசானுங்கறோம். அக்காவ சென்செய்ன்னா என்னங்க?"

"அவங்கல்லாம் ஆம்பளைங்க. இவ எம் பொண்டாட்டி."

"உன்னக் கட்டறதுக்கு முந்தியே கருப்பு பெல்ட்டு வாங்குனவடா அவ" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. உனக்கென்ன தெரியும்?"

பலகையை மாட்டுக்கொட்டகையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டான். மாட்டைக்கூட அப்படிக் கட்டமாட்டோம்.

எனக்கு எல்லாம் தெரியும், கண்ணு. பிள்ளைகள் களத்து ஓரத்தில் நின்று, குனிந்து, அந்தச் சொல்லைச் சொல்லும் நேரம் பார்த்து இவன் பைக் ஹாரனை அமுக்குவான். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். உனக்குக் கோபமே வராதா? இல்லை, அந்தக் கோபத்தைத்தான் காலை உதறி உதறித் தீர்த்தாயா?

அன்றிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கொட்டகைக்குப் போகிறேன், பலகையை இந்தப் பக்கம் திருப்புகிறேன். சாணி அள்ளி முடிப்பதற்குள் அவன் வந்து அந்தப் பக்கம் திருப்புகிறான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இப்போது இவ்வளவுதான். களத்தைப் பூட்டிவிடுவேன் என்று பிந்துவிடம் வேறு சொல்லியிருக்கிறான். களம் என் அப்பன் எனக்குக் கொடுத்தது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. பூட்டட்டும், பார்க்கலாம்.

வகுப்பை இனி சபீனா எடுப்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையைச் சுவரில் மாட்டவைப்பேன், இது சத்தியம். பிள்ளைகள் உன் பேரைப் பார்த்துக் குனியும்போது, முதுகு வளைகிற மட்டும் நானும் குனிவேன். வீட்டில் ஒருத்தர்கூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லையே, நான் கூப்பிடுகிறேன். அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஹாரன் அடிக்கட்டும்.

உன்னைக் கொண்டுபோன காய்ச்சலைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். செந்திலை மாட்டேன். நான் பெற்றவன்தான். இருந்தாலும் மாட்டேன்.

உன் அத்தை,
மாராத்தாள்