மஞ்சள் பூசிய பன்னிரண்டு முயல்கள்

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை. காலையிலிருந்து வேப்பிலையும் மஞ்சளும் அரைக்கிறார்கள். அம்மிச் சத்தத்தோடு அந்த வாடையும் மதில் தாண்டி வருகிறது. ஜன்னலைச் சாத்தினேன். வாடைக்கு ஜன்னல் ஒரு பொருட்டா? பண்டாரவளைக் குளிரில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்போது உன்னை ‘நீ’ என்றுதான் அழைத்தேன், சில நாள் ‘அடியே’ என்றும். செத்துப்போனவளுக்கு இப்போது ‘நீங்கள்’ போட்டு மரியாதை காட்டினால் அது இன்னொரு கயமை. ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பதுளைக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்து பங்களாவில் ஆய்வுகூடம் நடத்தினோம். மாதம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர்தான் தலைவர். மற்ற நாளெல்லாம் நான்தான் ராசா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலையில் எல்லோரையும் அதட்டப் பழகிவிட்ட ராசா. நீ மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முயல் கூடு கழுவ வந்தாய். வந்த வாரமே, முயலுக்குப் போடும் ஊசி எதற்கு என்று கேட்டாய். கூடு கழுவுகிறவளுக்கு ஏன் இந்த விசாரணை என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் சொன்னேன். சின்னமுத்துக்கு, அதாவது தட்டம்மைக்கு, ஊசியை ஒன்பது மாதத்தில்தான் போடுகிறார்கள். அதற்கு முன் போட்டால், தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்த எதிர்ப்பே அந்த ஊசியை அடித்துவிடும். கிருமியின் மரபணுவை மட்டும் ஊசியாக்கினால் கைக்குழந்தைக்கும் பலிக்கலாம். ஆனால் மரபணு தனியே போனால் உடம்பு அதைச் சட்டை செய்யாது. தட்டி எழுப்ப ஒரு துணைமருந்து வேண்டும். எது நல்ல துணைமருந்து என்றுதான் முயலில் பார்க்கிறோம்.

கூடு தேய்க்கும் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாய்.

“எம்புள்ளைக்கு ஏழு மாசங்க ஐயா. மேலெல்லாம் அம்மா போட்டுச்சு. மூணாம் நாளு மூச்சு இழுத்துச்சு. மழையில ரோட்டு ஒடைஞ்சு லொறி வரல. தூக்கிக்கிட்டு நடந்தோம். பாதியிலயே போயிருச்சு.”

நான் ‘ம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசியை நிரப்பினேன். அதற்குப் பிறகு நீ ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. தீபாவளியன்றும் வந்து கூடு கழுவினாய்.

துணைமருந்துகளில் ஒன்று எண்ணெய் கலந்தது. அது என் தெரிவு. தோலைப் புண்ணாக்கிவிடும், வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நான் தலைகீழாக நின்று சம்மதிக்க வைத்தேன். பன்னிரண்டு முயல்களுக்கு முதுகில் போட்டோம். சில வாரங்களில் முடி கொட்டி, தோல் வெடித்து, சீழ் பிடித்தது. முயல் லேசில் சத்தம் போடாது. போட்டால் கைக்குழந்தை வீரிடுவது போலிருக்கும். நீ மடியில் அமுக்கிப் பிடிப்பாய், நான் காதிலிருந்து இரத்தம் எடுப்பேன். உன் கண் நிறைந்தால், “இஞ்ச முயலுக்கு அழ ஆள் எடுக்கேல்லை” என்பேன். சொல்லிவிட்டு நானே ரசித்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு காலை வந்து பார்க்கிறேன், பன்னிரண்டின் முதுகிலும் மஞ்சள்.

“ஆரைக் கேட்டுப் பூசினனீ?”

“வேப்பிலையும் மஞ்சளுந்தாங்க ஐயா. அம்மா போட்ட பச்சப்புள்ளைக்கே இதத்தானே பூசுறோம். பாவங்க, நின்னு திங்கக்கூட முடியல.”

பாவமாம்! என் மேசை லாச்சிக்குள் அப்போது ஒரு தாள் இருந்தது. கடைசி இரத்தம் எடுத்துப் பார்த்து இரண்டு நாளாகியிருந்தது. எண்ணெய் போட்ட பன்னிரண்டிலும் எதிர்ப்பு எழவே இல்லை; வெறும் உப்புத் தண்ணீர் போட்ட முயலுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அத்தனை புண்ணும் வீண். உன் மஞ்சளால் கெடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தவனிடம் நீயாக வந்து கழுத்தை நீட்டினாய்.

“எல்லாம் நாசம். அந்த ஊசியே நாசம். இனி இதுகளைக் கொல்லத்தான் வேணும். நீயே பிடி.”

கொல்லும் வேலைக்கு வேறு ஆள் இருந்தான். அன்று அவனை வெளியே அனுப்பினேன். நீ ஒவ்வொன்றாகக் கூட்டிலிருந்து எடுத்தாய். உன் கைக்குப் பழகிய முயல்கள், தாமாகவே முன்னால் வந்தன. நான் காது நரம்பில் மருந்தேற்றினேன். ஐந்தாவதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். “ஒழுங்காப் பிடி” என்று அதட்டினேன். ஒன்பதாவதில், “நான் பூசலன்னா ஊசி வந்திருக்குமுங்களா ஐயா?” என்று கேட்டாய். “கதைக்காமல் பிடி” என்றேன். பன்னிரண்டையும் பின்பக்கம் நீயே குழி வெட்டிப் புதைத்தாய்.

டாக்டர் வந்த அன்று உன்னை முன்னால் நிறுத்தி, “இவள் பூசினதாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுது” என்றேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். லாச்சிக்குள் இருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். டாக்டர் உன்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, ஆய்வுக் கோப்பை மூடினார். அடுத்த வாரம் உன்னை வேலையை விட்டு நிறுத்தினேன். மற்ற துணைமருந்துகளும் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. அந்த வருடத்துக்குள் ஆய்வுகூடமே மூடிப்போயிற்று. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நீ போய்ச் சேர்ந்ததை உன் லயத்துக்காரி ஒருத்தி சந்தையில் வைத்துச் சொன்னாள். நான் உன்னைக் கடைசியாகக் கண்டது அதற்குச் சில வருடம் முன்னர், பதுளை பஸ் நிலையத்தில். மடுல்சீமை பஸ் புறப்பட நின்றது. என்னைக் கண்டு இறங்கி ஓடி வந்தாய். ஆளே பாதியாகியிருந்தாய். சுகம்கூட விசாரிக்கவில்லை.

“ஐயா, ஒம்பது மாசத்துக்கு முந்திப் போடுற ஊசி வந்துருச்சுங்களா?”

“இல்லை.”

“நான் செஞ்ச வேலையினாலதானுங்களே?”

டாக்டர் நாட்டை விட்டே போயிருந்தார். எனக்கு இனி மறைக்கவும் ஒன்றில்லை, பயப்படவும் ஆளில்லை. இன்னொரு ‘இல்லை’ போதும். ஒரு விநாடி முன்னர்தானே அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகச் சொன்னேன்!

“ஓம், உன்னாலதான்” என்றேன்.

கொண்டக்டர் கூப்பிட்டான். நீ இரண்டு கையையும் கூப்பினாய். “எத்தன புள்ளைங்க பாவத்தக் கொட்டிக்கிட்டேன் ஐயா. மன்னிச்சிருங்க.”

“சரி சரி, போனது போகட்டும். போ, பஸ் வெளிக்கிடுது.”

உன்னை நான் மன்னித்தேன். நீயும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க ஐயா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.