கிணற்றில் கவிழ்த்த டம்ளர்

ஸ்ரீ:

திருவள்ளூர்
18-12-1975

அன்புள்ள உங்களுக்கு வைதேஹி அநேக நமஸ்காரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு மற்ற சமாசாரத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். இந்தத் தடவை கடிதம் முழுக்க அந்த ஒரு கேள்விதான், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். கும்மிடிப்பூண்டி பாக்டரியிலிருந்து பஹ்ரைனுக்கு அனுப்பியது இன்ஜினியர் வேலைக்குத்தானே, பிள்ளை ஏன் முதுகில் காஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு படகில் நிற்கிறான் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை லீவு, மானேஜரோடு கடலுக்குள் இறங்கி மீன் பார்க்கிறார், சிலிண்டரில் இருப்பது மூச்சு வாங்குகிற காற்று, எல்லாம் பொழுதுபோக்குத்தான் என்றேன். சம்பளம் இல்லாமல் யாராவது இதைச் செய்வார்களா என்கிறார், இன்னும் நம்பவில்லை.

எனக்கு அந்தச் சிலிண்டர் கனவில்கூட வருகிறது. கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வருகிற காற்று, முப்பது மீட்டர் ஆழத்தில் அதில் கால்வாசி நேரம்தான் வரும் என்று எழுதியிருந்தீர்கள். மிச்சக் காற்று எங்கே போகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். சிலிண்டரை மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று என்று திட்டம் போடுவீர்கள் என்பது மட்டும் உடனே புரிந்தது. ரேஷன் மண்ணெண்ணெயை நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

யோசித்து அலுத்துப்போய், ஒரு கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் அப்பாவின் திருமண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். கம்பிக் கூடையில் கவிழ்த்துக் கட்டி, அடியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நம் கிணற்றில் இறக்கினேன். மழை பெய்து கிணறு நிறைந்திருக்கிறது, மூன்று ஆள் ஆழத் தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரி கங்கம்மா வந்துவிட்டாள். இன்னாம்மா, டம்ளருக்குக் கயிறு கட்டி உட்டுக்கினு கீறியே, கெணத்துக்குக் காப்பி குடுக்கிறியா என்று கேட்டாள். அவளையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன்.

மேலே இழுத்துப் பார்த்தால் டம்ளருக்குள் தண்ணீர் இல்லை. ஆனால் வாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் திருமண் சுத்தமாகக் கரைந்துபோயிருந்தது. அதாவது அடியில் இருந்தபோது காற்று ஒடுங்கித் தண்ணீருக்கு இடம் விட்டிருக்கிறது. மேலே வரவரப் பழையபடி விரிந்து, நுழைந்த தண்ணீரை வெளியே தள்ளியிருக்கிறது. ஆழத்தில் ஒரு மூச்சுக்குள் எத்தனை காற்றை அடைக்க வேண்டியிருக்கிறது, சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீர்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. சந்தோஷம் தாங்காமல் கங்கம்மாவிடம் இரண்டு கட்டு கீரை அதிகமாக வாங்கிவிட்டேன். திருமண் போனதற்கு அப்பா முணுமுணுத்தது தனிக் கதை.

அன்று மத்தியானம் சாதம் வடிக்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. டம்ளருக்கு வாய் திறந்திருந்தது. உங்கள் வாய்?

மற்றவர்களுக்குக் காற்று தீரும்போது உங்கள் சிலிண்டரில் பாதி மிச்சம் இருக்கிறது, சின்ன வயதிலிருந்து கோவில் கோஷ்டியில் அப்பா பக்கத்தில் நின்று நீளமான பாசுரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய பலன், மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுகிறேன், மானேஜரே அசந்துபோனார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சைப் பிடிக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அது பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொன்னது என்று வியாக்யானம் வேறு. அடியில் அடைத்த காற்றை நெஞ்சில் பூட்டிக்கொண்டு மேலே வந்தால் அது விரிவதற்கு எங்கே போகும்? டம்ளரிடம் கற்றதை வைத்துத்தான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமெல்லாம் தலைவலி, சுக்குப் பொடி அனுப்பு என்கிறீர்கள். அதே படகில் வந்து கூடவே முழுகும் மானேஜர் மனைவி பாட்டுப் பாடிக்கொண்டு கரையேறுகிறாளாம். அவளுக்கு வராத தலைவலி உங்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? வெளியே விட வேண்டிய கெட்ட காற்றை உள்ளேயே வைத்திருந்தால் வராமல் என்ன செய்யும்? சுக்கு அனுப்பப்போவதில்லை.

இதையெல்லாம் சேர்த்துவைத்து, புது வருஷத்து முதல் வெள்ளிக்கிழமைக்குப் போட்டிருக்கும் திட்டத்தைப் படித்தேன். முப்பது மீட்டர் ஆழத்தில் முழுகிக் கிடக்கும் கப்பல். அட்டவணைப்படி அங்கே இருபது நிமிஷம்தான் இருக்கலாம், மீறினால் ரத்தத்தில் கரைந்த காற்று சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கி ஆளை முடக்கிவிடும் என்று சொன்னதும் நீங்கள்தான். இப்போது காற்று மிச்சம் இருக்குமே, மானேஜர் மேலே போனபிறகு இன்னும் கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றிப் பார்க்கிறேன் என்கிறீர்கள். சிலிண்டரில் காற்று இருக்கிறது என்பதற்காக ரத்தம் அட்டவணையை மறந்துவிடுமா? ஜோடியாக இறங்குகிறவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்பது எப்போது ரத்தானது? கணக்கில் புலி என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் பெண் கேட்டார்கள்.

உங்கள் அப்பாவிடம் நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். கடலுக்கடியில்கூட என் பிள்ளைக்கு மூச்சு வேண்டாம் என்று அவர்தான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், அவரிடம் எனக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது. டம்ளரைக் கையில் கொடுத்து விளக்கினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நான் என்னிக்கு ஒரே மூச்சில் சொல்லியிருக்கேன் வைதேஹி என்றார்.

பக்கத்தில் இருக்கிறவா குரல் ஓங்கறபோது நான் மூச்சை வாங்கிண்டுடுவேன், நான் சொல்றபோது அவா வாங்கிப்பா, கோஷ்டின்னு நிக்கறதே அதுக்குத்தானே என்றார். இவன் சின்னப் பிள்ளை, நான் விடாமல் சொல்றேன்னு நம்பி, முகம் சிவக்கத் தம் கட்டிண்டு நின்னான், பார்க்கப் பெருமையா இருந்தது, அதனால் சொல்லாமல் விட்டுட்டேன் என்றார். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் அவர் மூச்சு வாங்கியது உங்கள் குரலின் மறைவில்தானாம்.

மார்கழி பிறந்து நீங்கள் இல்லாமல் நடக்கிற முதல் சேவாகாலம் இது. இன்று காலை கோவில் கோஷ்டியில், வழக்கமாக மூச்சு வாங்குகிற இடத்தில் அவர் நிறுத்தியிருக்கிறார். அந்த இடத்தைத் தாங்க உங்கள் குரல் இல்லை. பாசுரம் நடுவில் அறுந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் காப்பியைத் தொடவில்லை. நீ சொன்னால் அவன் வாதம் பண்ணுவான், அதனால் இந்த மானக்கேட்டை ஒன்று விடாமல் எழுது என்று சொன்னதும் அவர்தான்.

இறங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் என்னென்ன மீன் குடியிருக்கிறது, சமையலறையில் பாத்திரம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும். இருக்கிற வரைக்கும் எல்லோரையும்போல மூச்சு விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், காற்றின் அளவு காட்டும் உங்கள் முள்ளோடு மானேஜர் முள்ளையும் பாருங்கள். அவர் திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். காற்று மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெருமாளிடம் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன், இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் அந்த வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டுமே என்று இதை இன்றே தபாலில் சேர்க்கிறேன். கரையேறியதும் முதல் வேலையாக ஒரு தந்தி கொடுங்கள். கீழே கொஞ்சம் இடம் விடச் சொல்லி அப்பா காத்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள்
வைதேஹி

சிரஞ்சீவி பராசரனுக்கு ராமஸ்வாமி அநேக ஆசீர்வாதம். வைதேஹி எழுதியிருப்பது அத்தனையும் வாஸ்தவம். வெட்கப்படாமல் மூச்சு வாங்கிக்கொள், யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். எந்தெந்த இடத்தில் வாங்க வேண்டும் என்பதை நீ வந்ததும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லித்தருகிறேன். அடுத்த மார்கழிக்குள் வந்துவிடு.