என்னோடது என்றேன்

தம்பிக்கு,

உன் வேலையைக் கெடுக்க வேண்டாமென்றுதான் இதுவரை எழுதவில்லை.

உன் மகள் வைத்திருந்த நீலக் குழலைப் பாடம் பதிவுசெய்யும் கருவி என்று நம்பி நானே தினமும் சார்ஜில் போட்டேன். அவள் மறந்துபோனால் வாசல்வரை ஓடிக் கையில் கொடுத்தேன். அது இ-சிகரெட்டாம், புகைப்பதற்காம். பழவாசனையைச் சோப்பு என்றல்லவா நினைத்தேன்!

அவள் பையில் அதைப் பிடித்துப் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். "இது யாரோடது?" என்றார் தலைமையாசிரியை. பள்ளியைவிட்டு நீக்கிவிடுவார்களே என்று, "என்னோடது" என்றேன்.

"இந்த வயசுலயா மேடம்?"

"ஆசைக்கு வயசு பார்ப்பாங்களா?"

கான்வென்டில் படித்த என் நாக்கு பொய் சொல்லக் கூசவேயில்லை. அவர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு எங்களை அனுப்பினார்.

அன்றிலிருந்து அது இல்லாமல் இவளுக்குக் கை நடுங்குகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். கூடவே ஆள் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அறைக்கு அறை நடக்கிறேன்.

நேற்று, "கடைக்குப் போறேன், வழிவிடுங்க அத்தை! நீங்க என்ன எங்க அம்மாவா?" என்று கத்தினாள். அவள் அம்மா இறந்தபிறகு அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்டது நேற்றுதான். கதவைத் திறந்துவிட்டேன். அவள் போகவில்லை. படியில் உட்கார்ந்து, "அப்பா எப்ப வருவார்?" என்றாள்.

எனக்குப் பதில் எழுதாதே. வந்து அவளிடம் சொல்.

உன் அக்கா