கூடாரத் துணிக்குப் போட்ட கஞ்சி

இன்று காலை நம் தெருவில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டார்கள். புளித்த வாசனை வீட்டுக்குள் வந்தது. நெசவுக்கு முன் பட்டு நூல் விறைப்பாக நிற்பதற்காக அந்த அரிசிக் கஞ்சியில் ஆயுசெல்லாம் கை நனைத்தவன் நான். எனக்கு அது புதிதில்லை. ஆனால் நீ கண்ணை மூடிய பிறகு அந்த வாசனை வந்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். காரணம் உனக்குத் தெரியாது. தெரியாமலேயே போய்விட்டாய்.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது! வயதானவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். பஸ் எங்கே போகிறதென்று நானே படித்து ஏறுகிறேன். போன வாரம் உன் ஸ்டூடியோ பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எத்தனை வருஷம் அதன் கீழே நின்று உன்னோடு வம்பளந்திருப்பேன்! தெருவிலேயே சிரித்தேன். உள்ளே உன் மருமகன் ஒரு கல்யாண ஜோடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கேமராவின் பின்னால் உன் முதுகு இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

உனக்குக் கல்யாண ஜோடிகள் அலுத்துப்போயிருந்தார்கள். "மூஞ்சிய காட்டுங்கன்னா நகைய காட்றாங்கடா. பறவைங்க தேவல, என்ன ஒரு ஆளாவே மதிக்கறதில்ல" என்பாய். கார்த்திகை மழை முடிந்ததும் உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல் போவோம். ஏரிக்குள் மரங்களுக்கு நடுவே மூங்கில் கட்டி, துணி சுற்றி ஒரு கூடாரம். நாம் இரண்டு பேரும் மார்பளவு தண்ணீரில் நடந்து அதற்குள் போவோம். கொஞ்ச நேரத்தில் நான் மட்டும் வெளியே வந்து கரைக்குப் போய்விடுவேன். பறவைக்கு எண்ணத் தெரியாது; வந்த ஆள் போய்விட்டான் என்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பும். "நாரையோட சேத்து நீயும் என்ன மறந்துட்டு வூட்டுக்குப் பூடாத" என்று உள்ளேயிருந்து கிசுகிசுப்பாய்.

உனக்கு வேண்டியது ஒரே படம். நத்தைக்குத்தி நாரை, உச்சி வெயிலில் குஞ்சுக்கு மேலே இரண்டு சிறகையும் குடையாக விரித்து நிற்குமே, அது. மூன்று வருஷம் அது கிடைக்கவில்லை.

நாலாவது வருஷம் கூடாரத்துக்குப் புதுத் துணி வாங்கினோம். அது தொளதொளவென்று தொங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. நீ கேட்காமலே எடுத்துப்போய்க் கஞ்சி போட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தேன்.

"இன்னாடா இது, அப்பளமாட்டம் நிக்குது? நாரைக்குப் பொண்ணு பாக்கவா போறோம்?"

"என் கை பட்ட துணிடா. மடங்காது."

ஏரிக் காவல்காரர் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார். "பாத்துக்கப்பா. எங்க ஊர் கல்யாணத்துக்கே இந்தப் பக்கம் மோளம் அடிக்கறதில்ல. இதுங்க எச்சம் கலந்த தண்ணிதான் எங்க பயிருக்குச் சோறு" என்றார்.

மறுநாள் காலையில் பனியில் நனைந்து துணி அடங்கியிருந்தது. கூட்டில் இரண்டு முட்டை, அன்று பொரிந்த ஒரு குஞ்சு. நான் கரைக்கு வந்துவிட்டேன். வெயில் ஏறியது. தாய் நாரை எழுந்து நின்று மெல்லச் சிறகை விரித்தது. நீ கேமராவில் கண் வைத்திருப்பாய் என்று நினைத்து நானும் மூச்சை அடக்கினேன்.

அப்போதுதான் காற்று வந்தது. காய்ந்து விறைத்திருந்த துணி முனை தூக்கி, பட்டாசு மாதிரி படபடவென்று அடித்தது. கரையிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். மரத்து நாரைகள் அத்தனையும் எழுந்தன. காக்கைகள் வந்தன.

நான் தண்ணீரில் விழுந்தடித்து வந்தபோது நீ கேமராவை விட்டுவிட்டுக் கூட்டின் கீழே நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாய். தாய் மேலே வட்டமிட்டது, இறங்கவில்லை.

"நாம நின்னா அது வராது" என்றாய். "போனா காக்கா வுடாது. இன்னாடா பண்றது?"

குஞ்சு வெயிலில் வாய் திறந்து கிடந்தது. கடைசியில் நீதான் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாய். பாதி வழியில் பின்னால் காக்கைச் சத்தம் கேட்டது. நீ திரும்பவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

பஸ்ஸில் உன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாய். "ஃபிலிம் சுத்தும்போது கை ஆடிச்சிடா. முழங்கை துணில பட்டுடிச்சி. வயசாயிடிச்சி, கை பூடுச்சி" என்றாய்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். என் கைக்கஞ்சி என்று தெருவில் பேர் வாங்கியவன் நான்; வெட்கம் வாயை அடைத்தது. நாளை சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் நீ கடையில் வந்தவர்களிடமெல்லாம் உன் கையைக் காட்டிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிப்போனது. நீ ஏரிக்குக் கேமரா கொண்டுபோகவே இல்லை. அடுத்த பொங்கலுக்குள் ஸ்டூடியோவையும் மருமகனிடம் கொடுத்துவிட்டாய். டம்ளரைப் பிடிக்கும்போதுகூட அந்தக் கையைச் சந்தேகமாகப் பார்ப்பாய். நான் எதிரே உட்கார்ந்து காபி குடித்தேன்.

இப்போதும் சீசனுக்கு ஏரிக்குப் போகிறேன். கரையிலேயே நிற்கிறேன், தண்ணீரில் இறங்குவதில்லை. உச்சி வெயிலில் ஏதாவது ஒரு கூட்டில் தாய் சிறகை விரிக்கும். உனக்காகப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் திரும்புகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க நாலு நாளாகிவிட்டது. வகுப்பில் எல்லோரும் முதல் கடிதத்தை மகனுக்கு, மகளுக்கு எழுதினார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். உன் கை ஆடவில்லை. அந்தக் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை. சத்தம் போட்டது என் கஞ்சி.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த நாளுக்குப் பிறகு உன்னோடு எனக்குப் பத்து வருஷம் இருந்தது.