அச்சில் வராத பெயர்

ஹோமா பே ஏரிக்கரை, செவ்வாய் மதியம்

அன்பு மகள் அகெலோவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல அவினோ எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நாலு ஆடு, ஏரி எல்லோரும் சுகம். சுகமில்லாதது என் மூக்குக் கண்ணாடி ஒன்றுதான், உன் தங்கை அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள், அதற்குத் தண்டனையாகத்தான் இந்த எழுத்து வேலை. (உட்கார்ந்தது நான்தான் அக்கா. கண்ணாடியைப் பாயில் தூங்கப் போட்டது யார் என்று மட்டும் அம்மா எழுதச் சொல்லவில்லை.) கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளை ஒதேரோவும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். ஆனால் போனைக் காதில் வைத்தால் குழந்தையின் அழுகைதான் வருகிறது, நீ பேசுவது அதற்குள் மூழ்கிப்போகிறது. மூன்று வாரமாக அழுகிறாள், டாக்டர் ஒரு குறையும் இல்லை என்கிறார், கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் படிப்பே போய்விடும் என்று நீ சொன்னதை மட்டும் பொறுக்கி எடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம், அவினோ இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவாள்.

நீ அனுப்பிய சிறுவர் நாவலையும் அதைப் பற்றிய உன் கட்டுரையையும் கேட்டு முடித்துவிட்டேன். ஒமேனா மீனைக் கரையில் காயப் போட்டுவிட்டு, காக்கை விரட்டும் நேரத்தில் அவினோ ஆங்கிலத்தைப் பார்த்து நம் மொழியில் சொல்வாள். அந்த வெயிலில் ஏரி எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, கதையும் அப்படியே கலந்துவிடும். ஏரி விழுங்கிய மாடுகளைத் தேடி ஒரு சிறுமி தண்ணீருக்குள் இறங்கிப் போகிறாள், அடியில் கூரைகளும் அடுப்புப் புகையும் இருக்கின்றன, மீன்கள் பறவைகள் மாதிரி கூரை மேல் உட்காருகின்றன. நீர்யானை முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அத்தியாயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அப்புறம் பார்த்தால் அது புத்தகத்திலேயே இல்லையாம், இவள் கைச்சரக்காம். “எழுதினவங்க மறந்துட்டாங்கம்மா, நான் ஞாபகப்படுத்தினேன்” என்கிறாள். (முடியே இல்லாத பிராணிக்கு முடிவெட்டும் கடை, அதில் ஒரு தத்துவம் இருக்கிறது. உன் கட்டுரையில் சேர்த்துக்கொள்.)

அதனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் வேதப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லிவிட்டு வாசிக்க வைத்தேன். பனியால் ஆன ஒரு குழந்தை அழுகிறது, அது அழ அழ ஏரி கரையேறி வருகிறது. சிறுமி அதை மடியில் போட்டுக்கொண்டு செத்துப்போனவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறாள். கடைசியில், “இன்னொரு பெயரைச் சொன்னாள், குழந்தை அடங்கியது” என்று முடிகிறது. எந்தப் பெயர் என்று இல்லை. இவள் மறைக்கிறாள் என்று காதைத் திருகினேன், “சத்தியமா இல்லம்மா, காதை விடு, அது அச்சுலயே வரல” என்று அலறினாள்.

நீ என்ன எழுதியிருக்கிறாய்? சிறுமி இறந்தவர்களிடம் விடைபெறுகிறாள், பதில் கிடைக்காத குழந்தை களைத்துத் தூங்குகிறது, இது இழப்பை ஏற்றுக்கொள்ளும் கதை என்று. அழகாகத்தான் எழுதியிருக்கிறாய் மகளே, ஆனால் தப்பு. அவள் விடை கொடுக்கவில்லை, வரவேற்கிறாள். பச்சைப்பிள்ளை ஓயாமல் அழுதால் நம் வீடுகளில் மார்போடு அணைத்துக்கொண்டு போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வோம், யார் பெயருக்கு அடங்குகிறதோ அவர் வந்திருக்கிறார், அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைப்போம். இது உனக்குத் தெரியாமல் போனது என் குற்றம்தான். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவள் நீ, அகெலோ என்ற பெயர் உனக்கு முன்பே வாசலில் காத்திருந்தது. தொப்புள்கொடி சுற்றிப் பிறந்ததால் இவளுக்கு அவினோ. என் பிள்ளைகள் யாருக்கும் பெயர் தேட வேண்டி வரவில்லை, நீ அதைப் பார்த்ததே இல்லை. எழுதியவள் நம் ஏரிக்கரைக்காரி, தெரிந்தவர்களுக்குச் சொல்வதுபோல விளக்காமல் விட்டுவிட்டாள். கடைசிப் பெயரை அவள் விட்டது முடிக்கத் தெரியாமல் இல்லை, வாசிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டிலும் அது வேறு பெயர், அதனால்தான்.

இன்னொன்று. நேற்று மதியம் கரையிலேயே அசந்துவிட்டேன். உன் சித்தி அபொன்யோ தண்ணீர் மேல் நடந்து வந்தாள், பாதம் நனையவில்லை. போன மழைக்காலத்தில் அவளைப் புதைத்தபோது நீ வர முடியாமல் போனில் அழுதாயே, அவள் தையல்கடையில் எப்போதும் போட்டிருக்கும் அதே நீலக் கவுன். என் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் ஒரு சின்னச் சட்டையை வைத்துக்கொண்டு பொத்தான் தேடினாள். தன் பெயரை வை என்று கேட்கவில்லை, அவள் எப்போது எதைக் கேட்டிருக்கிறாள். விழித்தபோது மீனெல்லாம் காக்கை தின்றிருந்தது. உன் அப்பாவிடம் சொன்னால், “பிள்ளைக்குப் பசிடி, பாலைக் குடுக்கச் சொல்லு, கனவையா ஊட்டுவா?” என்கிறார். சொல்லிவிட்டு அவரே தன் அம்மா பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

குழந்தைக்கு நீங்கள் வைத்த கிளாரா என்ற பெயர் காகிதத்தில் இருக்கட்டும், அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அவள் அழும்போது அணைத்துக்கொண்டு நம் வீட்டில் போனவர்களின் இந்தப் பெயர்களை மெல்லச் சொல், அவசரப்படாதே: ஞாகேயோ, அகுமு, ஒபுயா. அபொன்யோவைக் கடைசியில் வை, முதலிலேயே சொல்லி அவள் அடங்கிவிட்டால், தங்கள் முறை வரவில்லையே என்று மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அடங்கினால் கட்டுரையைத் திருத்து. அடங்காவிட்டாலும் திருத்து, புத்தகம் சொல்வது அதுதான். நேரத்துக்குச் சாப்பிடு, தலையை மூடாமல் வெளியே போகாதே. கடவுளும் நம்மவர்களும் உங்கள் மூவரின் தலைமாட்டில் இருக்கட்டும்.

கண்ணாடி இல்லாமலே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா

அக்கா, இந்தத் தடவை நீர்யானை எதையும் நுழைக்கவில்லை. வாசிக்கும்போது ஒரு முறை மட்டும் அந்தக் காலி இடத்தில் அவினோ என்று சொல்லிப் பார்த்தேன். “உயிரோட இருக்கறவ பேருக்கெல்லாம் பிள்ளை அடங்காதுடி, எந்திரி” என்று அம்மா பாயைச் சுருட்டி அடித்தாள். அதனால் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உன் புத்தகத்தில் பென்சிலால் எழுதிப் படம் அனுப்பு. அம்மா காலையிலிருந்து நீ கூப்பிடுவாய் என்று என் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தரவே மாட்டேன் என்கிறாள், இந்தக் கடிதத்தைப் படம் பிடிக்க மட்டும் ஒரு நிமிடம் தருவாளாம்.